வெள்ளைக்கு மேலே வந்த இலை

பெயிண்டருக்குக் கறை ஆகாது. சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, அவருக்குச் சுவரில் கறை ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொன்ன நாற்காலியைப் பார்க்கமாட்டார். கூரையும் சுவரும் சேர்கிற மூலையை அண்ணாந்து பார்ப்பார். அங்கே தண்ணீர் இறங்கி மஞ்சள் பூத்திருந்தால் அந்த வீட்டுக் காப்பி அவர் தொண்டையில் இறங்காது. கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அவர் பிழைத்த பிழைப்பே ஊரார் சுவரை வெள்ளையாக்குவதுதான். மனிதர்களை நம்பமாட்டார். வீட்டுத் தரகனை, பல் டாக்டரை, டிவியில் மழை வரும் என்று சொல்கிறவளை, யாரையும் நம்பமாட்டார். காய்ந்த சுவரை நம்புவார். அதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான்.

ஒரே மகள். அவளும் பெயிண்டோடு மல்லுக்கட்டுகிறவள்தான், ஆனால் அவள் போடுவது படம். "அவ ஒரு இலையப் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மாடி முடிச்சிருவேன்" என்று மச்சினனிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. எரிச்சலுக்கு அடியில் என்ன உண்டு என்று அவர் சுரண்டிப் பார்த்ததில்லை.

மகள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். ஆனாலும் யாராவது எந்த ஊர் என்பார்கள். இந்த ஊர்தான் என்பாள். அது சரி, நிஜமாக எந்த ஊர் என்பார்கள். சின்ன வயதில் அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துப் பையோடு சேர்த்து வீட்டுக்குத் தூக்கி வந்து அப்பா முன்னால் இறக்குவாள்.

"அப்பா, அங்க நம்ம வீட்டு வாசல்ல என்ன மரம் இருந்துச்சு?"

"மரமா? வீட்டுக்காரன் எங்களையே நிக்க விடல, மரத்த எங்க விடுவான்?"

"சரி, தெருவுல?"

"தெருவுல லாரி நின்னுச்சு."

இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் கேட்பதை விட்டுவிட்டாள். படிக்கப் போனாள், படம் போட்டாள், வேறு தெருவில் தனியாக ஒரு அறை எடுத்தாள், வாடகை கட்ட ஏதேதோ வேலை பார்த்தாள். சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வேலியோரம் குந்திக்கொண்டு செடி பிடுங்குகிறாள் என்று மச்சினன் வந்து சொன்னபோது பெயிண்டர் நம்பவில்லை. வேன் ஓட்டுகிறவன் கண்டதையும் சொல்வான். ஆனால் அவளே ஒரு வாளியோடு வீட்டுக்கு வந்தாள். வாளியில் துருப்பிடித்த ஆணியும் தண்ணீரும். அவள் அறையில் வைக்க இடமில்லையாம். குளியலறையில் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏங்க, குளிக்கப் போனா ஆணி முறைக்குது" என்றாள் மனைவி. துணி தைத்துக் கொடுக்கிற கடையில் வேலை, கையில் எப்போதும் ஒரு ஊசி, வாயிலும் ஒன்று. "உங்க பொண்ணு தண்ணியில ஆணி வளக்குறா. அறுவடை எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த முறை வந்தபோது பெயிண்டர் கேட்டார். கேட்டார் என்றால், முறைத்தார்.

"அந்தத் தண்ணியில இலைய நனைச்சு ஈரச் சுவர்ல ஒட்டி அழுத்தினா, இலையோட சாறும் துருவும் சேந்து சுவர்ல அச்சு விழும்பா" என்றாள் மகள். "சரக்கு ரயில் ஓரத்துல இருக்கிற செடி எல்லாம் வெளியூர்ச் செடி. மூட்டையில, பெட்டி இடுக்குல, ஏதோ ஒரு ஊர்ல இருந்து விதை ஒட்டிக்கிட்டு வந்து விழுந்து முளைச்சது."

"களைன்னு சொல்லு."

"யாரும் கூப்பிடாம வந்து, கிடைச்ச இடத்துல வேர் விட்டது. நம்மள மாதிரி."

"ஏய், யாரும் கூப்பிடாமயா? எனக்கு விசா இருந்துச்சு."

மனைவிக்கு வாயிலிருந்த ஊசி விழுந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. மகளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "உங்ககிட்ட கேட்டா பதில் வராது. அதான் செடிகிட்ட கேக்குறேன்." குரலில் குத்தல் இல்லை. இல்லாததால்தான் பெயிண்டருக்குக் குத்தியது.

பிறகு ஒரு காலையில் அவள் போன் செய்தாள். ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியைப் படங்கள் வைக்கிற கூடமாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே அவளுக்கென்று ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், முதல்முறையாக முழு அறையும் அவளுக்கே. வார இறுதியில் திறப்பு. "மூணு சுவரும் அழுக்கா இருக்குப்பா. நீங்க வந்து வெள்ளை அடிச்சுத் தர்றீங்களா? பின்சுவர மட்டும் நான் பாத்துக்கிறேன்."

பெயிண்டர் 'ம்' என்றார். போனை வைத்துவிட்டு ரோலரைக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ரோலர். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் தன் வேலைக்கு அவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவர் அவள் வேலையைப் பார்க்கப் போனதும் இல்லை. கூப்பிடவில்லை என்று அவர் சொல்வார். கூப்பிட்டால் வரமாட்டார் என்று அவள் சொல்வாள்.

மச்சினன் வேனில் ஏணியும் டின்னுமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் கதவைத் திறந்துவிட்டாள். அச்சுக்கடைக்குப் போக வேண்டும், மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்றாள். சாவியை அப்பாவிடம் கொடுத்து, அவர் தொப்பியை நேராக்கிவிட்டுப் போனாள்.

மூன்று சுவரையும் பெயிண்டர் அடித்த அடி இருக்கிறதே, மந்திரி வீட்டுக்குக்கூட அப்படி அடித்ததில்லை. ஓட்டைக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, இரண்டு கோட்டிங். மச்சினன் ஏணியைப் பிடித்துப் பிடித்துக் களைத்து, சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று வேனை எடுத்தான்.

அப்போதுதான் பெயிண்டர் திரும்பி நின்று பின்சுவரைப் பார்த்தார்.

பூச்சு பூசி பெயிண்ட் காணாத சுவர். அதன் மேல் தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அழுக்கு மஞ்சளில் திட்டுத் திட்டாக, குழந்தை நனைத்த மெத்தை மாதிரி. அச்சு இன்னும் கறுக்காத நேரம் அது. காற்றுப்பட்டுப் பட்டுத்தான் துரு கறுக்கும், இலை இலையாகத் தெரியும். அது மகளுக்குத் தெரியும். பெயிண்டருக்குத் தெரிந்தது ஈரக்கசிவு. மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி வேறு.

'இலையை ஒட்டப் போகிற சுவர் இதுதானா' என்று நினைத்தார். 'இந்தக் கறை மேலேயா ஒட்டுவாள்? நான் பாத்துக்கிறேன் என்றாளே, எப்படிப் பார்ப்பாள்? ரோலரைப் பிடித்தால் மணிக்கட்டு வீங்கும் பிள்ளை.' பெயிண்டரின் மகள் அறை திறக்கிறாள், வருகிறவன் எல்லாம் பின்சுவரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கப் போகிறான் என்று எண்ணியபோதே அவருக்கு உடம்பு கூசியது. டின்னில் பெயிண்ட் மிச்சம் இருந்தது.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த மச்சினன் வாசலிலேயே நின்றான். "அத்தான், அது அவ வேலையோ என்னமோ."

"கறைக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரியாதவனாடா நான்?"

"எதுக்கும் ஒரு போன்..."

"போன் பண்ணிச் சொன்னா அப்புறம் என்ன அதிசயம்? வரட்டும், பாக்கட்டும்."

கறைச் சுவருக்கு முதலில் கறை தடுக்கிற பிரைமர் அடித்து, காயவிட்டு, அதற்குமேல்தான் வெள்ளை. இந்தப் பாடத்தை விட்ட எத்தனையோ பேரை அவர் வேலையை விட்டே விரட்டியிருக்கிறார். ஆனால் பிரைமர் டின் வீட்டில் இருந்தது. மகள் வருவதற்குள் முடிக்க வேண்டும். நேரே வெள்ளையை ஏற்றினார். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்து முடித்தபோது மணம் மாறாத புதுச்சுவராக நின்றது.

மகள் வந்தாள். கையில் அச்சுக்கடைச் சுருள். முதலில் மூன்று சுவரையும் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு நான்காவதைப் பார்த்தாள். சுருளை மெல்லக் கீழே வைத்தாள்.

"இலை எங்கப்பா?"

"எந்த இலை? நீ இன்னும் ஒட்டவே இல்லையே."

"ஒட்டி எடுத்துட்டேன்பா. அது அச்சு."

பெயிண்டருக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடி, நெஞ்சில் வந்து நின்றது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பாய்ந்தார். "இன்னும் காயல, காயல, துடைச்சிருவேன், ஒரு நிமிஷம்..."

"வேணாம்பா." அவர் கையைப் பிடித்தாள். "துடைச்சா அதுவும் சேந்து வந்துரும்."

"அப்ப மறுபடி இலையக் கொண்டா. ராத்திரி பகலா நான் ஒட்டித் தர்றேன்."

"ரயில் ஓரத்துல இப்ப சிமெண்ட் போட்டுட்டாங்க. போன வாரமே. அதான் கடைசியா இருந்தது." கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "நல்லா அடிச்சிருக்கீங்க" என்றாள். "ரோலர் கோடே தெரியல."

ஒரு அறை அறைந்திருந்தால் பெயிண்டர் தாங்கியிருப்பார். மச்சினன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், 'அப்பவே சொன்னேன்' என்று சொல்வதற்கான நேரம் இதுவல்ல என்று. அவன் வாழ்நாளில் வாயை மூடிய சில நேரங்களில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எல்லாவற்றையும் தம்பியிடம் கேட்டுக்கொண்டாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவ என்ன செய்றான்னு ஒரு நாளாவது போய்ப் பாத்திருந்தா இன்னிக்கு உங்களுக்கு அது கறையாத் தெரியுமா?"

"நீ பாத்தியா?"

"நான் பாத்தேன். உங்ககிட்ட சொல்லல. சொன்னா ஏதாவது நக்கல் பண்ணுவீங்க."

பெயிண்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நல்லது செய்யப் போனேன் என்று சொல்ல வாய் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போனவனும் அதைத்தானே சொல்லியிருப்பான்.

விடிந்ததும் கிளம்பினார். என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கே தெரியாது. சுவர் முன்னால் நிற்கவாவது வேண்டும் என்று தோன்றியது. சாவி அவரிடமே இருந்தது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

வெள்ளையில் ஒரு இடம் பழுத்திருந்தது.

பெயிண்டரின் கை தானாகப் பைக்குள் போனது. இதற்கென்றே வீட்டிலிருந்து எடுத்துவந்ததுபோல் பிரைமர் டின் உள்ளே இருந்தது. பழக்கத்தில் தூக்கிப் போட்டது. அவர் அடித்த வெள்ளையை மீறிக் கறை எழும்புவது என்றால் அது அவருக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. மூடியை நெம்பக்கூட ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டின்னை வெளியே, வாசலுக்கு வெளியே, கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தார். மங்கலான தவிட்டு நிறத்தில் ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. விரித்த கை மாதிரி. இந்தக் கையை அவருக்குத் தெரியும். ஆமணக்கு. ஊரில் சாக்கடை ஓரம் முளைத்துக் கிடக்கும், ஆடுகூட மதிக்காது. இவ்வளவு தூரம் இது எப்படி வந்தது? எந்த மூட்டையில்?

"வா" என்றார் சுவரைப் பார்த்து. பக்கத்தில் யாரும் இல்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மறுபடியும், "வந்துரு" என்றார்.

கறை எப்படி மேலே வரும் என்பது அவர் விரோதி எப்படி வருவான் என்பதுபோல அவருக்குத் தெரியும். ஈரம் இழுத்துக்கொண்டு வரும். ஜன்னலை அடைத்தார், காற்றுப்பட்டுச் சுவர் சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று மகளின் சாமான்களோடு கிடந்தது. புதுசாக அடித்த தன் வெள்ளையின்மேல், தன் கையாலேயே, பனி மாதிரி தண்ணீர் அடித்தார். எந்தப் பெயிண்டரும் செய்யாத வேலை. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகள் வந்தபோது அவர் ஏணியின் உச்சியில், சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"கத்தாத. ஒண்ணு வந்துக்கிட்டிருக்கு."

அவள் சுருள் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். ஆமணக்கு முழுதாக வந்திருந்தது. அதன் கீழே சின்னச் சின்ன இலை அடுக்காக ஒரு கொடி, பாதி தூரம் வந்து நின்றிருந்தது. வலப்பக்கம் புகை மாதிரி ஏதோ, இன்னும் முடிவு செய்யாதது. நேற்று அவள் பார்த்த அச்சு இல்லை இது. அது மேலே இருந்தது, இது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது.

"எப்படிப்பா?"

"பிரைமர் அடிக்கல." இறங்காமலே சொன்னார். "திருட்டு வேலை பாத்தேன். நேத்து ஒழுங்கா வேலை பாத்திருந்தா உன் சுவர் போச்சு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னொரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து கீழ்ப்பக்கம் தெளிக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்க அதுதான் வேலை. தெளிப்பது, காத்திருப்பது, பார்ப்பது. கறை வரட்டும் என்று ஒரு சுவரை இப்படி உற்றுப் பார்த்து அவருக்கு வழக்கமில்லை.

"அதிகம் அடிக்காத, கொப்புளம் போட்டிரும்" என்பார் அவர்.

"நீங்கதான் அங்க வழிய விடுறீங்க" என்பாள் அவள்.

"இது என்னது, மூக்குத்தி மாதிரி?"

"பேரு தெரியலப்பா. நானும் எல்லாப் புத்தகத்துலயும் தேடிட்டேன்."

பெயிண்டருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவள் கேட்காமலே, தண்ணீரை அடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஆமணக்குக் காய் முள்ளு முள்ளா இருக்கும். மெத்து முள்ளு. பசங்க சேந்து பிச்சு ஒருத்தன் தலையில ஒருத்தன் எறிவோம். எங்க தெருவுல ஒரு டீச்சர் இருந்தாங்க, கொண்டை இவ்வளவு பெருசு. நான் எறிஞ்சது நேரா அதுல போய் விழுந்துருச்சு. அவங்களுக்குத் தெரியல. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போற வரைக்கும் கொண்டையில காயோட சுத்துனாங்க."

மகள் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்வளவுதான்."

"இதை ஏன்பா இத்தனை வருஷமாச் சொல்லல?"

"நீ மரத்தக் கேட்டே. இது மரமா?"

அவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தலையைச் சாய்த்தாள். ஏணி குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேலேயிருந்து தெரியவில்லை. பெயிண்டர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். இறங்கிப்போய்த் தலையைத் தடவலாம். ஆனால் கை முழுக்க ஈரம், வெள்ளை. அதனால் மேலேயே நின்றார். "ஏணிய ஆட்டாத, விழுந்தா உங்கம்மா உன்னைத்தான் கேப்பா" என்றார்.

எல்லாம் வரவில்லை. இடப்பக்கம் ஒரு பெரிய இடம் வெள்ளையாகவே நின்றுவிட்டது. அங்கே அழகான ஒரு புல் இருந்ததாம், கதிரோடு. பெயிண்டர் மறுநாளும் வந்து அந்த இடத்துக்குத் தண்ணீர் காட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அது வரவில்லை. மகள் அதை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிரித்தாள். அவர்தான் திரும்பத் திரும்ப, "அத என் கணக்குல எழுதிக்கோ" என்றார். "எழுதிக்கிட்டேன், எழுதிக்கிட்டேன், பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

திறப்பு அன்று கூட்டம் வந்தது. மனைவி தானே தைத்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள். மச்சினன் எல்லாரிடமும் ஏணியைப் பிடித்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். வந்தவர்கள் பின்சுவர் முன்னால் வந்து நின்று நின்று பார்த்தார்கள். ஏதேதோ சொன்னார்கள். பெயிண்டருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை அவர் நம்பவில்லை. கழுத்தில் சால்வை சுற்றிய ஒருவர் அந்த வெறும் வெள்ளை இடத்தைக் காட்டி இதுதான் எல்லாவற்றிலும் ஆழமான பகுதி என்றார். பெயிண்டர் மனைவியின் காதில், "அது நான் கெடுத்த இடம்டி" என்றார். அவள் அவர் விலாவில் இடித்தாள்.

அவருக்கு அங்கே இருப்பு கொள்ளவில்லை. வலது ஓரத்தில் ஒரு சின்ன இடம் ரோலர் விட்டுப்போயிருந்தது, நகத்தளவு. நான்கு தடவை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தொடக் கூடாது" என்று மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள். அதனால் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல், சுவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சால்வைக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆமணக்கை மிகக் கிட்டத்தில் பார்த்தார். கண்ணால் பார்த்து ஆசை தீரவில்லை போலும், ஈரமா காய்ந்ததா என்று அறிய விரலை நீட்டினார்.

"யோவ், கைய எடுய்யா!"

சால்வைக்காரருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார், மன்னிப்புக் கேட்டார், ஓரடி பின்னால் நகர்ந்தார். பெயிண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி, புறங்கையைச் சுவருக்கு அருகே கொண்டுபோய், தொடாமல், காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மகள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்து, இன்னும் காயவில்லை என்று தலையாட்டினார்.